‘கட்டுப்பாட்டை இழந்து’ என்று எழுதுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடியக்காலையில் களுவாஞ்சிக்குடிச் சந்தியில் காரோடு ஹயருக்காக, அதாவது வாடகை ஓட்டத்துக்காக, காத்து நிற்கும் நேரத்தில், உங்கள் பத்திரிகையை முதல் பக்கம் தொடங்கி மரண அறிவித்தல் வரை வாசித்துவிடுகிறவன் நான். விபத்துச் செய்திகளை இரண்டு தரம் வாசிப்பேன். அதில் வரும் வீதிகள் நான் தினமும் ஓடும் வீதிகள். அடிபட்டது தெரிந்த ஆளாக இருக்குமோ என்ற பயமும் உண்டு. அந்தச் செய்திகளில் ஒரு வசனம் மாறாமல் வருகிறது. ‘வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி’ என்று தொடங்கும். பிறகு மதகு, மரம், மின்கம்பம் என்று மோதிய இடம் வரும். காயப்பட்டவர் எந்த வைத்தியசாலையில் என்று வரும். மேலதிக விசாரணைகளைப் பொலிசார் மேற்கொண்டு வருகின்றனர் என்று முடிந்துவிடும். கட்டுப்பாடு எதனால் இழக்கப்பட்டது என்பது நான் வாசித்த அளவில் வருவதே இல்லை.

வேகமாக ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். குடித்துவிட்டு ஓடுகிறவர்களும், நித்திரைக் கண்ணோடு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் பேச நான் வரவில்லை. ஆனால் சாரதி விழிப்பாக இருந்து, ஸ்டியரிங்கைச் சரியாகத் திருப்பியும், சில்லு திரும்பாமல் போவது உண்டு. என் காரில் அது நடக்க இருந்தது. அதை விளக்கமாக எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்தேன்.

என்னுடையது டொயோட்டா கொரோலா 110, 1998ஆம் ஆண்டு மொடல். பழுகாமம், வெல்லாவெளி, மண்டூர் பக்கத்து நோயாளிகளைப் பட்டிருப்புப் பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோவேன். பெரிய வருத்தமென்றால் கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு. என் ஓட்டத்தில் பாதி இதுதான். போன மாரியில், வாவிக்கு மேற்கே உள்ள எங்கள் படுவான்கரை வீதிகளில் தண்ணீர் நின்ற நாட்களிலும் ஓடினேன். ஓடாமல் இருக்க முடியாது. பிள்ளைப்பேறு வெள்ளம் வடியும் வரை காத்திருக்காது. எங்கே வீதி, எங்கே கிடங்கு என்று தெரியாமல், முன்னால் போகும் உழவு இயந்திரத்தின் தடத்தைப் பார்த்தே பின்னால் போவேன்.

தை மாதம் அளவில் முன்பக்கம் இடது சில்லில் ‘கடக்’ என்று ஒரு சத்தம் தொடங்கியது. வேகமாகப் போனால் கேட்காது. கிரவல் வீதியில் மெதுவாகப் போகும்போதும், வீட்டு வளவுக்குள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதும் கேட்கும். அப்புறம் நேர் வீதியில் கார் தானாக ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. திருத்துவதற்கு ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினாலும் கார் உடனே கேட்பதில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்கும். பழைய கார் என்றால் அப்படித்தான் என்று நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். ஒவ்வொரு நாளும் ஓடுகிறவனுக்குக் கை பழகிவிடும். ஆட்டம் கூடக் கூடக் கையும் அதற்கேற்ப மாறிக்கொள்ளும். வேறொரு சாரதி ஏறியிருந்தால் முதல் வளைவிலேயே சொல்லியிருப்பார்.

ஒரு கராஜில் காட்டினேன். சொக் எப்சோபர் போய்விட்டது என்றார்கள். அதை மாற்றியும் சத்தம் போகவில்லை. பிறகு வீல் எலைன்மன்ட், அதாவது சில்லுகளின் நேர், பார்க்கும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனேன். கணினித் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டினார்கள், காசு கொடுத்தேன், வந்தேன். ஐந்து கிழமையில் முன் டயர் இரண்டிலும் உட்பக்க ஓரம் தேய்ந்துவிட்டது. திரும்பவும் அதே இடத்துக்குப் போனேன். திரும்பவும் பச்சை, திரும்பவும் காசு. டயர் இரண்டையும் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்றும் சொல்லவில்லை. காரை உயர்த்தி, சில்லை ஒரு தரம் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கவில்லை. என் குறை அவ்வளவுதான்.

கல்முனைப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். 70 வயதுக்குக் கிட்ட. நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கல்முனைக்கு ஒரு ஹயர் போனபோது, டயர் வாங்க முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்போம் என்று போனேன். அவர் காரைத் திறக்கவும் இல்லை, உயர்த்தவும் இல்லை. முதலில் டயரைத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து டயரின் மேல் வைத்து, வெளியே இருந்து உள்ளே ஒரு தரம், உள்ளே இருந்து வெளியே ஒரு தரம் தடவச் செய்தார். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. மற்றப் பக்கம் நெல்லரிவாளின் பல் போல உள்ளங்கையில் பிடித்தது. “சில்லு நேராப் போகல்ல தம்பி. றோட்டில உரஞ்சிக்கிட்டுப் போகுது” என்றார்.

அடுத்ததாக என்னைச் சாரதி ஆசனத்தில் இருக்கச் சொன்னார். இஞ்சின் நிற்கட்டும், ஸ்டியரிங் பூட்டு விழாமல் சாவியை மட்டும் திருப்பி வையுங்கள் என்றார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டச் சொல்லிவிட்டு, அவர் கீழே குனிந்து இடது சில்லின் பின்னால் கையை வைத்தார். பிறகு நாங்கள் இடம் மாறினோம். நான் மண்ணில் படுத்து அவர் காட்டிய இடத்தில் விரல்களை வைத்தேன். அவர் மேலே ஆட்ட, என் விரலுக்குக் கீழே ‘டக், டக்’ என்று தட்டியது. ஸ்டியரிங்கிலிருந்து வரும் தடி முதலில் அசைகிறது. அந்தத் தடி பிடித்துத் திருப்பும் ‘சில்லின் கை’ ஒரு கணம் பிந்தி அசைகிறது. “ஆட்டம் இதுக்குள்ளதான் இரிக்கி” என்றார். மூன்று மாதமாக என் கைக்கு வந்து சேராமல் இருந்த செய்தி அந்த மூன்று விரல் அகலத்துக்குள்தான் இருந்தது.

அந்த இடத்தின் பெயர் டை ரொட் எண்ட். நாங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, கீழே குறுக்காக இருக்கும் ரக் என்ற நீளமான இரும்பு இடமும் வலமும் நகர்கிறது. ரக்கின் இரண்டு நுனியிலும் ரக் எண்ட் என்ற தடி இருக்கிறது. அந்தத் தடியின் நுனியில் டை ரொட் எண்ட். அதுதான் சில்லைப் பிடித்துத் திருப்புகிறது. உள்ளே தண்டு வைத்த ஒரு இரும்புக் குண்டு, அது ஒரு கிண்ணத்துக்குள் கிறீஸோடு சுழல்கிறது. வெளியே ஒரு ரப்பர் மூடி. எங்கள் தோள் மூட்டைப் போலத்தான். அந்த ரப்பர் வெடித்தால் தண்ணீர் போகும், மணல் போகும், கிறீஸ் கரைந்து வெளியே வரும். பிறகு இரும்பை இரும்பு தின்னும். வருடத்தில் சில நாள் வெள்ளத்துக்குள்ளும், மற்ற நாளெல்லாம் புழுதிக்குள்ளும் ஓடும் எங்கள் பக்கத்துக் கார்களில் அந்த ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? தேய்வு கூடக் கூட ஆட்டம் கூடும். கடைசியில் ஒரு நாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்று வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தச் சில்லுக்கும் ஸ்டியரிங்குக்கும் தொடர்பே இல்லை. ஒரு சில்லு நீங்கள் சொன்ன பக்கம் போகும், மற்றது தான் நினைத்த பக்கம் போகும். அப்போது சாரதியின் கையில் இருப்பது வெறும் வட்டம்தான்.

எலைன்மன்ட் ஏன் நிற்கவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. எலைன்மன்டில் சில்லின் நேரைத் திருத்துவது இதே தடியைத் திருகித்தான். மூட்டு ஆடினால், இயந்திரத்தின் மேல் அசையாமல் நிற்கும்போது எல்லாம் சரியாகக் காட்டும். வீதியில் முதல் கிடங்கில் விழுந்ததும் மாறிவிடும். ஆகவே மூட்டைப் பார்க்காமல் எலைன்மன்டுக்குக் கொடுக்கும் காசு வீண். டயரைப் புதிதாகப் போட்டாலும் அதையும் தின்றுவிடும்.

காக்கா அதோடு விடவில்லை. மூட்டுத்தான் என்று கை சொன்னாலும் உயர்த்திப் பார்க்காமல் பார்ட்ஸ் வாங்கக் கூடாது என்றார். எங்கள் பக்கத்து முற்றம் எல்லாம் மணல், ஜக் புதையும். அதனால் கீழே பலகை போட்டு, பின் சில்லுக்குக் கல் வைத்து, உயர்த்திய பிறகு ஸ்டாண்டையும் கொடுத்தார். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே யாரும் தலையைக் கொடுக்க வேண்டாம். சில்லை மணிக்கூடாக நினைத்து, 9லும் 3லும் கையை வைத்து மாறி மாறித் தள்ளி இழுத்தார். ஆடியது. 12லும் 6லும் கையை வைத்து ஆட்டினார். அசையவில்லை. மேலும் கீழும் ஆடியிருந்தால் கீழே உள்ள ‘போல் ஜொயின்ட்’ என்ற குண்டு மூட்டு, அல்லது சில்லின் பெயாரிங். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ரொட் எண்ட் அல்லது உள்ளே இருக்கும் ரக் எண்ட். அந்த ரக் எண்ட் அடுக்கடுக்காக மடிந்த ஒரு ரப்பருக்குள் இருக்கும். அந்த ரப்பரை வெளியிலிருந்தே இறுக்கிப் பிடித்துக்கொண்டு மற்றவர் சில்லை ஆட்டினால், உள்ளே தட்டுகிறதா என்று தெரியும். என் காரில் தட்டவில்லை. வலது பக்கத்தையும் பார்த்தார். ரப்பர் வெடித்திருந்தது, ஆட்டம் சிறிதாகத் தொடங்கியிருந்தது. இரண்டையும் மாற்றுவோம் என்று முடிவெடுத்தோம். ஒரே வெள்ளத்தில் நனைந்த சோடிதானே.

உதிரிப்பாகக் கடையில் மூன்று விலை சொன்னார்கள். ஆக மலிவானதின் பெட்டி, பெயர் பெற்ற ஜப்பான் பெட்டியைப் போலவே இருந்தது. எழுத்து மட்டும் மங்கல். கையில் எடுத்துக் குண்டின் தண்டை அசைத்தால் புதியதே இலகுவாக அசைந்தது. நல்லது அப்படி அசையாது. பெருவிரலால் பலமாகத் தள்ளினால்தான் இறுக்கமாக, ஒரே சீராக நகரும். நான் வாங்கிய சோடி 9,800 ரூபா. இரண்டு எலைன்மன்டுக்கும் தேவையில்லாமல் மாற்றிய சொக்குக்கும் கொடுத்தது அதைவிட எவ்வளவோ கூட.

பூட்டும் வேலையையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் நாள் பின்னேரமே துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டார். அடுத்த நாள் காலை, கார் நிலத்தில் நிற்கும்போதே சில்லு நட்டுகளை இளக்கிக்கொண்டார். எண்ட் சுழலாமல் தடியில் இறுக்கி வைக்கும் லொக் நட்டைக் கால் சுற்று மட்டும் இளக்கினார். ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, தண்டின் நட்டை நுனி வரைக்கும் இளக்கினார், முழுதாகக் கழற்றவில்லை. அந்தத் தண்டு நுனிப் பக்கம் ஒடுங்கி, ஆப்பு இறங்கியது போலச் சில்லின் கைக்குள் இறுகி இருக்கும். தண்டின் புரியில் சுத்தியலால் அடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். காக்கா அப்படிச் செய்யவில்லை. சில்லின் கையில், தண்டு இறங்கியிருக்கும் துவாரத்தின் ஒரு பக்கத்தில் பெரிய சுத்தியலைத் தாங்கி வைத்துக்கொண்டு, மறுபக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் ‘டொக்’ என்று விடுபட்டது. நட்டு நுனியில் இருந்ததால் தெறித்துக் கழலவில்லை.

பிறகு பழையதைத் தடியிலிருந்து சுற்றிக் கழற்றும்போது என்னைச் சத்தமாக எண்ணச் சொன்னார். 22 சுற்று. புதியதையும் 22 சுற்றில் நிறுத்தினார். அதோடு விடாமல், தண்டின் நடுவிலிருந்து லொக் நட்டு வரையுள்ள தூரத்தைக் கழற்ற முன் அளந்து வைத்திருந்தார். கம்பனிக்குக் கம்பனி எண்டின் நீளம் கொஞ்சம் மாறும், எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது என்றார். ஒடுங்கிய தண்டையும் துவாரத்தையும் காய்ந்த துணியால் துடைத்தார். அதில் கிறீஸ் பூசுவது பிழை. நட்டை இறுக்கிய பிறகு பின் போடும் துவாரம் நேருக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கினார். அதற்காக இளக்கவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். பின்னும் புதியது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடுவது சில ரூபாவை மிச்சம் பிடிக்கும், ஆனால் அந்த நட்டைக் காவல் காப்பது அந்தப் பின் ஒன்றுதான்.

எல்லாம் முடிந்து, கழற்றிய இடது எண்டை என் கையில் தந்தார். அதை நிமிர்த்திப் பிடித்தேன். பால் குடித்து உறங்கிய பிள்ளையின் தலை போலத் தண்டு தானாகச் சாய்ந்து விழுந்தது. மற்றப் பக்கம் சரித்தேன், அந்தப் பக்கம் விழுந்தது. ரப்பரைப் பிதுக்கினேன். கிறீஸ் வரவில்லை. செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீரும் மணலும் வந்தன. தண்டைப் பிடித்து மேலே இழுத்தால், உள்ளே குண்டு கிண்ணத்தின் விளிம்பு வரை ஏறி நின்றது. அந்தக் கிழமை நான் யார் யாரை ஏற்றினேன் என்று மனதுக்குள் எண்ணினேன். மண்டூரிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பிள்ளையும் தாயும். கண் சத்திரசிகிச்சை செய்த ஒரு ஐயா. புலமைப்பரிசில் வகுப்புக்குப் போன நாலு சிறுவர்கள். கல்லடிப் பாலத்தில் பக்கத்தில் பஸ் வர ஒதுங்கியது ஞாபகத்துக்கு வந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் கதைக்க முடியவில்லை. காக்கா தேத்தண்ணி எடுத்துத் தந்தார்.

கடைசியாகத்தான் எலைன்மன்ட். அது பல மாதமாகியும் மாறவில்லை. சத்தமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய டை ரொட் எண்டை அழுத்தித் தட்டி, ஆட்டத்தை இறுக்கித் திரும்பப் பூட்டித் தருவது எங்கள் பக்கம் நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவரின் வானில் அப்படிச் செய்தார்கள். மலிவுதான். ஆனால் தேய்ந்த குண்டு திரும்ப உருண்டையாவதில்லை. வெளியே நெளித்த இரும்பு இன்னும் பலவீனமாகத்தான் ஆகும். அந்த வானில் மாமாங்கத் தீர்த்தத்துக்கும் கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் ஆட்களை ஏற்றுகிறார்கள். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள் என்று கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ரப்பர் மட்டும் வெடித்து, தண்ணீர் போக முன்னரே கண்டுபிடித்தால், சுத்தம் செய்து புதுக் கிறீஸும் புது ரப்பரும் போடலாம். ஆட்டம் வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்ற பேச்சு வேண்டாம். அது எத்தனை நாள் என்று ஒரு மெக்கானிக்காலும் சொல்ல முடியாது.

எங்கள் வாகனங்களுக்கு வயது கூடிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால் என்னைப் போன்றவர்கள் பழையதையே ஓட்ட வேண்டும். லொறி, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். எங்கள் காருக்கு வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரதேச செயலகத்தில் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் காட்டினால் போதும். என் கார் அந்தத் தேய்ந்த எண்டோடேயே புகைப் பரிசோதனையில் சித்தியடைந்தது. புகை சுத்தமாகத்தான் இருந்தது. அங்கேயே ஒரு ஜக்கை வைத்து முன் சில்லு இரண்டையும் ஆட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பொறுப்பில் உள்ளவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சட்டம் வரும் வரை வாகனம் வைத்திருக்கும் எல்லோரும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. எலைன்மன்டுக்குப் போனால், முதலில் சில்லை உயர்த்தி என் கண் முன்னால் ஆட்டிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நல்ல இடத்தில் கேட்க முன்னரே காட்டுவார்கள். எதையாவது மாற்றினால் பழையதை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். பெரிய விபத்து நடந்தால் மோட்டார் வாகனப் பரிசோதகர் அந்த வாகனத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கிறார். ஸ்டியரிங் எப்படி இருந்தது, பிரேக் எப்படி இருந்தது, டயர் எப்படி இருந்தது என்பது அதில் இருக்கும். விபத்து நடந்த அன்று அது கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மூன்று கிழமை கழித்து உங்கள் செய்தியாளர் பொலிஸ் நிலையத்தில் அதைக் கேட்டு, இரண்டே வரியில் என்றாலும் போடுங்கள். எந்த மூலையில் போட்டாலும் சந்தியில் நிற்கும் நாங்கள் தேடி வாசிப்போம்.

இப்படிக்கு,
பழுகாமத்தில் இருந்து ஹயர் ஓடும் சாரதி ஒருவன்